அக்காவை எடுக்கவிடாமல் பிடித்து வைத்த மத்தியானம்

எங்கள் அக்கா கர்த்தருக்குள் உறங்கி ஒரு வருடம் ஆகிறது. இந்த நினைவு மலரில் எழுத அண்ணன்மார் என்னைத்தான் பிடித்துப் போட்டார்கள். பயந்தவனை மேலும் பயமுறுத்திப் பார்ப்பது எங்கள் வீட்டில் பழைய விளையாட்டு.

அக்கா கொல்லயில் என்ற ஊரில் பிறந்து, நெய்யாற்றின்கரையில் படித்து, திருவனந்தபுரத்தில் மானிடவியல் பேராசிரியராக ஓய்வு பெற்றார். அந்தப் படிப்பு மனிதர்களைப் பற்றியது என்றதும் அப்பா, "மனுசங்களப் பாக்கதுக்கு பாறசாலைச் சந்தைக்குப் போனாப் போராதா மக்கா?" என்று கேட்டாராம். அக்கா போனது அம்பூரிக்கு மேலே, ஜீப்பும் பாதியில் நின்றுவிடும் ஒரு மலைக் குடியிருப்புக்கு. முதல் தடவை ஆராய்ச்சிக் கேள்வி எதுவும் கேட்கவில்லை. அவர்களோடு கிழங்கு பிடுங்கி, அவித்துத் தின்றுவிட்டுத் திரும்பினார். துறையில் அறிக்கை கேட்டபோது, "இன்னும் பழகவில்லை" என்றார். பதவி உயர்வு தள்ளிப்போனது. கல்யாணம் தள்ளித் தள்ளி நடக்காமலே போனது. அவர் முகம் சுளித்து நான் கண்டதில்லை.

படுக்கையில் இருந்தபோது ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். "எலே, மலையில உள்ளவங்க வராம என்னை எடுக்கப்பிடாது. நீதான் பாக்கணும்." பொறுப்பானவர்கள் இத்தனை பேர் இருக்க, என்னிடம்.

அடக்க நாளில் ஊரிலும் மலையிலும் மழை. போன் போகவில்லை. ஆராதனை முடிந்து, போதகர் பெட்டியை மூடச் சொன்னார். மலையில் உள்ளவர்கள் கடைசியாக முகம் பார்க்கத்தானே வருகிறார்கள், மூடினால் என்ன ஆவது என்று பதறினேன். இன்னொரு பாட்டு கேட்டேன். பாடினார்கள். பிறகு, சபையில் எவரும் மைக் கொடுக்கத் துணியாத எங்கள் மாமாவுக்கு நானே மைக் கொடுத்தேன். மாமா ஆதாமிலிருந்து தொடங்கினார்.

பெரிய அண்ணன் என் கையைப் பிடித்தார். "குழியில வெள்ளம் நிக்கும். நீ என்னத்தலே காட்டுத?"

"ஒரு பத்து மினிட்டு அண்ணா."

"நீ சொன்ன பத்து மினிட்டு நாலு ஆச்சு."

மாமா நோவாவை நெருங்கும்போது ஜீப் வந்தது. நனைந்தபடி இறங்கியவர்களில் மூத்தவர் வேலப்பன் அண்ணன். அக்கா அடிக்கடி சொல்லும் பெயர். அவரைப் பெட்டியருகே இழுத்துக்கொண்டு ஓடினேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எங்க குடும்பத்துல முகம் பாக்கது இல்ல. டீச்சருக்குத் தெரியும்."

"பின்ன எதுக்கு வந்தீங்க?" என்று கேட்டே விட்டேன்.

"எடுக்கதுக்கு. கூட இருந்து தின்னவங்க எடுக்கணும். அதாக்கும் எங்க முறை."

எங்கள் சபையில் சொந்தக்காரர்கள்தான் தூக்குவது. எல்லோரும் போதகரைப் பார்த்தார்கள். போதகர் பெரிய அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தலைமாட்டை விட்டு விலகினார். நானும் நகர்ந்தேன்.

"நீங்க எங்க போறீங்க?" என்றார் வேலப்பன் அண்ணன். "நீங்களும் டீச்சர்கூட தின்னவருதானே. பிடிங்க."

காத்திருந்த போதகருக்கும், பாடிய சபையாருக்கும், குழிக்குள்ளிருந்து வெள்ளம் இறைத்த அயல்வாசிகளுக்கும் எங்கள் நன்றி. கல்லறைத் தோட்டம் வரை சேற்றில் நான் வழுக்கிவிடாமல், பெட்டியைத் தோளில் தாங்கியபடியே பின்னாலிருந்து வேலப்பன் அண்ணன் ஒரு கையால் என் சட்டையைப் பிடித்திருந்தாராம். பெரிய அண்ணன் சொல்லித்தான் தெரியும். அந்தக் கைக்கும் நன்றி.