மூன்று மைக் வைத்த போன்

ஆறு மாதத்துக்குள் மூன்றாவது முறையாக மனைவி தப்பாகச் சொல்லிவிட்டாள். அவள் "பேரிங்" என்றதை நம்பி, லிஃப்ட் பழுது பார்க்கும் அவள் கணவர் காலை எட்டு மணிக்கே மோட்டாரைப் பிரித்துப் போட்டார். பேரிங்கில் ஒரு குறையும் இல்லை. பிறகு ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, முழுசாக விடாமல் உரசிக்கொண்டிருந்த பிரேக்கைக் கண்டுபிடிப்பதற்குள் மதியம் ஆகிவிட்டது. அதுவரை அந்தக் குடியிருப்பின் ஒன்பது மாடியும் படியேறியது. மொட்டை மாடியில் இருந்த மோட்டார் அறையைப் பூட்டிக்கொண்டு அவர் இறங்கி வந்தபோது, ஒன்பதாம் மாடி டீச்சர் நாலாவது மாடித் திருப்பத்தில் கைப்பிடியைப் பிடித்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"என்ன சார், இன்னிக்கு முடியுமா, இல்ல நான் இந்தப் படியிலயே குடி வந்துரட்டுமா?"

"முடிஞ்சிருச்சு டீச்சர்."

"முன்னெல்லாம் வந்த ஒரு மணி நேரத்துல ஓட விட்ருவீங்க. வயசாயிருச்சு போல."

"எனக்கு இல்ல டீச்சர்," என்று அவர் சட்டைப் பையைத் தட்டினார். "இதுக்கு."

பையில் இருந்தது அவருடைய போன். ஏழு வருடப் பழசு. இரண்டு முறை லிஃப்ட் குழிக்குள் விழுந்து எழுந்து வந்தது. ஒரு மூலை சில்லு பெயர்ந்திருக்கும். அடியில் இருக்கும் மைக் துளையைச் சுற்றி எவ்வளவு துடைத்தாலும் போகாத கிரீஸ்.

அவர் வேலை செய்யும் முறை இதுதான். ஒரு லிஃப்ட் மக்கர் பண்ணினால் முதலில் அதை ஓட விட்டு, அரை நிமிடம் அதன் சத்தத்தை போனில் பிடித்து வீட்டுக்கு அனுப்புவார். கூட ஒரு வார்த்தை எழுத மாட்டார். வீட்டில் மனைவி அதைக் கேட்டுவிட்டு ஒரே ஒரு சொல் அனுப்புவாள். பேரிங். அல்லது பிரேக். அல்லது கதவு. அவர் அந்த இடத்தைப் பிரிப்பார். கோளாறு அங்கே இருக்கும்.

கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாகப் பன்னிரண்டு வருடம் அவள் நூல் மில்லில் இருந்தவள். நாற்பது மெஷின் ஒன்றாக ஓடும் கூடத்தில், எந்த மெஷின் தடுமாறுகிறது என்று முதுகைத் திருப்பிக்கொண்டே சொல்லிவிடுவாள் என்பார்கள். அவர் அதை நம்பியதில்லை. ஒருநாள் அவர் மறந்துவிட்டுப் போன மூக்குக் கண்ணாடியைக் கொடுக்க, அவர் வேலை செய்துகொண்டிருந்த அலுவலகக் கட்டடத்துக்கு அவள் வந்தாள். லிஃப்ட் வாசலில் ஒரு நிமிடம் நின்றாள். "கயிறு ஒண்ணு மத்ததோட சேராம தனியா ஆடுது போலங்க" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். காலையிலிருந்து அவர் தேடிக்கொண்டிருந்தது அதைத்தான். அதை அவளிடம் ஒப்புக்கொள்ள அவருக்கு ஒரு வாரம் பிடித்தது.

சத்தம் பிடிக்கிற போன் கைக்கு வந்ததும் இது வீட்டு வழக்கமாகிவிட்டது. போன் கிணுகிணுத்ததும் அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைப்பாள். மின்விசிறி நிற்கும். குழாய் மூடப்படும். பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த மகள், பென்சிலை நோட்டின்மேல் அப்படியே வைத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொள்வாள். "அப்பா லிஃப்ட் அனுப்பிருக்காரு" என்றால் அந்த வீட்டில் தும்மக்கூடக் கூடாது. மனைவி ஒரு காதைக் கையால் பொத்தி, மறு காதில் போனை அழுத்தி, கண்ணை மூடிக்கொள்வாள். முகம் கோயில் சிலை மாதிரி ஆகிவிடும் என்று மகள் பின்னாளில் தோழிகளிடம் சொல்லிச் சிரித்ததுண்டு. அரை நிமிடம் கழித்துக் கண் திறக்கும்; மின்விசிறி சுற்றும்; மகள் விட்ட கணக்கைத் தொடர்வாள்.

தெரிந்தவர்கள் சிலர் இதைப் பெரிய காதல் கதை போலச் சொல்வார்கள். அப்படி ஒன்றும் இல்லை. ஒருவருக்குக் கை, இன்னொருவருக்குக் காது, வேலை நடந்தது. அவர் சுமாருக்கு மேலான மெக்கானிக், அவ்வளவுதான். ஆனால் இத்தனை வருடம் இரண்டு பேர் ஒரே சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வாழ்ந்ததற்கு வேறு பெயர் உண்டா என்று கேட்டால், அதற்கும் பதில் சுலபமில்லை.

போனை மாற்றச் சொல்லி மகள் இரண்டு வருடமாக நச்சரித்துக்கொண்டிருந்தாள். அவர் அசைந்து கொடுத்ததில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, எந்தக் கட்டடத்தின் மொட்டை மாடியிலாவது உட்கார்ந்து, பழைய சத்தங்களை ஓட்டிக் கேட்பது அவர் பழக்கம். இடித்துவிட்ட ஒரு சினிமா கொட்டகையின் லிஃப்ட் அந்த போனில் மட்டும் இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. கம்பிக் கதவு வைத்த ஒரு வங்கி லிஃப்ட், சளி பிடித்த கிழவர் மாதிரி இருமிக்கொண்டு இறங்கியது. ஒவ்வொன்றின் கீழும் அவள் அனுப்பிய ஒற்றைச் சொல். பழையதை விட மாட்டேன் என்கிறவர்களில் பாதிப் பேருக்குப் புதியதைப் பழக அலுப்பு, அவ்வளவுதான். அவருக்கும் அந்த அலுப்பு இருந்தது. கூடவே இதுவும் இருந்தது.

டீச்சரிடம் பேச்சு வாங்கிய அன்று மாலை அவர் வீடு திரும்பியதும், மனைவியே ஆரம்பித்தாள்.

"அந்த போன்ல சத்தம் மங்கி மங்கி வருதுங்க. பஞ்சு அடைச்ச மாதிரி. நான் என்னத்தக் கண்டேன், தோணினதச் சொன்னேன்."

"கிரீஸ் அடைச்சிருக்கும்."

மகள் தன் போனில் ஒரு படத்தைக் காட்டினாள். "போன வாரந்தான்பா புதுசா விட்ருக்காங்க. இதுல மூணு மைக் இருக்கு. ஊசி விழுந்தாக்கூடப் பிடிச்சிரும்."

"நாங்க என்ன ஊசியா பொறுக்கப் போறோம்," என்றாள் தாய். ஆனால் படத்தை இரண்டு முறை பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். "வாங்கிருங்களேன். சும்மா பழசக் கட்டிக்கிட்டு."

ஞாயிற்றுக்கிழமை மூவரும் கடைக்குப் போனார்கள். ஒரு பெரிய வணிக வளாகத்தின் இரண்டாம் தளம். கடை வாசலை ஒட்டியே நகரும் படிக்கட்டு. உள்ளே புது போன்களை மேசையில் வரிசையாக வைத்து, ஆடு மாடு மாதிரி வயர் போட்டுக் கட்டியிருந்தார்கள். சீருடை போட்ட கடைப் பெண் ஓடி வந்தாள்.

"கேமராவப் பாருங்க சார், நிலாவக்கூட..."

"நிலா வேணாம்மா. சத்தம் எப்படிப் பிடிக்கும்?"

"பாட்டா சார்?"

"மெஷின்."

கடைப் பெண் மகளைப் பார்த்தாள். "அவர் அப்படித்தான்," என்றாள் மகள். "ஒரு வார்த்தைக்கு மேல காசு."

கடைப் பெண் சிரித்துவிட்டு ஒரு போனை வயரிலிருந்து கழற்றி, தானும் கூடவே வாசலுக்கு வந்தாள். அவர் நகரும் படிக்கட்டின் ஓரம் குனிந்து, ஒரு கையில் புது போனும் மறு கையில் பழைய போனுமாக அரை நிமிடம் பிடித்தார். ஏறி வந்தவர்கள் இந்த ஆள் எதையோ தொலைத்துவிட்டான் என்று நினைத்துத் தாங்களும் கீழே பார்த்துக்கொண்டு போனார்கள்.

உள்ளே வந்து முதலில் புதியதை ஓட விட்டார். படிக்கட்டின் முனகலுக்கு மேலே, சுற்றுக்கு ஒரு தடவை, மெல்லிசாக ஒரு கீச்சு. கைப்பிடி வார் எங்கோ காய்ந்து உரசுகிறது. தெளிவாகத்தான் இருந்தது. பழையதை ஓட விட்டார். அதே கீச்சு. கொஞ்சம் கரகரப்பு, ஆனால் சுற்றுக்கு ஒரு தடவை, தப்பாமல். அவர் பழைய போனைத் திருப்பி மைக் துளையைப் பார்த்தார். மறுபடி ஓட விட்டார். கீச்சு இருந்தது.

மனைவி கையை நீட்டினாள். ஒரு காதைப் பொத்தினாள், கண்ணை மூடினாள். முதலில் புதியது, பிறகு பழையது.

"ரெண்டும் ஒண்ணுதாங்க. நல்லா ஓடுது. ஒரு கோளாறும் இல்ல."

"என்னம்மா இப்படிச் சொல்றீங்க," என்றாள் கடைப் பெண், வெள்ளந்தியாக. "அந்தக் கீச்சுச் சத்தந்தான் ஒரு வாரமா எங்க உயிர வாங்குது."

மகள் அம்மாவின் காதைப் பார்த்தாள். அவர் மேசையில் இருந்த விலைச் சீட்டைப் படிப்பதுபோல் குனிந்தார். ஆறு மாதமாக அந்த போன்மேல் போட்ட பழியெல்லாம் ஒவ்வொன்றாக அவருக்கு நினைவுக்கு வந்தது. அது ஒரு தப்பும் செய்யவில்லை.

"புதுசு நல்லா இருக்கு," என்றார், யாரையும் பார்க்காமல். "இதையே எடுத்துக்கலாம். பழசுல சரியா விழல."

இரண்டு வருடமாக அசையாத மனிதர். அவள் அவர் முகத்தையே பார்த்தாள். இருபத்தாறு வருடத்தில் அவர் ஒரே மூச்சில் அவ்வளவு வார்த்தை பேசி அவள் அதிகம் கேட்டதில்லை.

"சுத்துக்கு ஒரு தடவையா வருது?" என்று மகளிடம் கேட்டாள்.

மகள் தலையாட்டினாள்.

அவள் இரண்டு போனையும் மேசையில் வைத்தாள். பழையதை எடுத்து, முந்தானையால் ஒருமுறை துடைத்து, அவர் சட்டைப் பையில் போட்டாள். "நல்ல போன்தான்மா," என்றாள் கடைப் பெண்ணிடம். "எங்க கோளாறு வேற எடத்துல இருக்கு. இந்தக் காச அங்க செலவழிக்கணும்."

காது டாக்டர் ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டினார். தடித்த சத்தங்கள் வரை கோடு நேராக வந்து, மெல்லிய சத்தங்கள் தொடங்கும் இடத்தில் பள்ளத்தில் விழுந்தது. "எங்கயாவது மில்லுல வேலை பாத்தீங்களா?" என்று அவரே கேட்டார். அவளுடைய காதைத் தீட்டிக்கொடுத்த அதே கூடம், அதைத் தேய்த்துக்கொண்டும் இருந்திருக்கிறது. இதில் யாரைக் கோபித்துக்கொள்வது?

காதில் மாட்டும் கருவி வந்தது. பேச்சு கேட்டது. பாத்திரம் வைக்கும் சத்தம் அவளைத் தூக்கிப் போட்டது. ஆனால் அதை மாட்டிக்கொண்டு மோட்டார் சத்தத்தைக் கேட்டபோது, "எல்லாம் தகரத்துல தட்டுற மாதிரி இருக்குங்க. எது எதுன்னு தெரியல," என்று கழற்றி வைத்துவிட்டாள்.

அதன்பின் மூன்று வாரம் அவர் எதுவும் அனுப்பவில்லை. அனுப்பினால் அவளைச் சோதிப்பதுபோல் இருக்கும் என்று நினைத்தார். அனுப்பாததால் தன்னைக் கழித்துக்கட்டிவிட்டார் என்று அவள் நினைத்தாள். வீட்டில் மின்விசிறி நிற்காமல் சுற்றியது. வேலை நடந்தது; அரை நாள் பிடித்த இடத்தில் ஒரு நாள் பிடித்தது. ஒருநாள் இஸ்திரி போட்டுக்கொண்டே அவள் மகளிடம், "உங்கப்பா லிஃப்டெல்லாம் இப்ப நல்லா ஓடுது போல," என்றாள். மகள் அதை அப்படியே போய் அவரிடம் சொன்னாள்.

மறுநாள் ஒரு மருத்துவமனையின் லிஃப்ட். நோயாளிகளை ஏற்றி இறக்குவது. நிறுத்தி வைக்க முடியாது. இரண்டு மணி நேரம் தேடியும் பிடிபடவில்லை. மோட்டார் அறையில் நின்று போனை எடுத்தார். சத்தம் பிடிக்கும் பொத்தான்மேல் கட்டைவிரலை வைத்தார். எடுத்தார். பிறகு அவளைக் கூப்பிட்டார்.

"என்னங்க? என்ன ஆச்சு?" அவர் பகலில் கூப்பிட்டால் யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

"ஒண்ணும் ஆகல. இங்க ஒரு லிஃப்ட். சத்தம் வருது."

"எனக்குத்தான் கேக்காதே."

"எனக்குக் கேக்குது. நான் சொல்றேன்."

"சரி. எப்படி இருக்கு?"

"ஒரு மாதிரி இருக்கு."

"ஒரு மாதிரின்னா எந்த மாதிரி? கட்டிக்கிட்ட நாள்லேருந்து எதக் கேட்டாலும் ஒரு மாதிரிதான்."

அவர் கண்ணை மூடினார். மறு காதைப் பொத்திக்கொண்டார். வார்த்தை தேடுவது நட்டு தேடுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. "நனைஞ்ச செருப்பு போட்டுக்கிட்டு ஒருத்தன் கால இழுத்துட்டு நடப்பான்ல. அந்த மாதிரி. ஆனா ஒரு கால்தான் இழுக்குறான்."

"ஏறும்போதா, எறங்கும்போதா?"

"ரெண்டுலயும்."

"உள்ள ஆள் இருந்தா?"

அவர் யோசித்தார். அவர் தனியாக ஏறியபோது இருந்தது. படுக்கையோடு நாலு பேர் ஏறியபோது? "கொறையுது. நாலு பேர் ஏறினா இல்லவே இல்ல."

"காலியா போறப்ப பெட்டி ஒரு பக்கம் சாயுதோ என்னவோ. ஆள் நின்னா நிமிந்துக்குது. ஒரு கால் இழுக்குதுன்னீங்களே, அந்தப் பக்கமாப் பாருங்க." பிறகு சேர்த்துக்கொண்டாள். "நான் குருட்டாம்போக்குல சொல்றேன்."

"இல்ல," என்றார். "அதான் இருக்கும்."

வழக்கமாக இந்த இடத்தில் அவர் கருவிப் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். போனை வைக்க மனம் வரவில்லை. அவளும் வைக்கவில்லை.

"வேற என்ன இருக்கு அங்க?"

அவர் சுற்றிப் பார்த்தார். "ஒரு ஜன்னல் இருக்கு. கண்ணாடி ஒடஞ்சிருக்கு. அதுல ஒரு புறா ஒக்காந்திருக்கு."

"அது ஏதாவது சத்தம் போடுதா?"

"இல்ல. பேசாம என்னயே பாத்துட்டிருக்கு."

"அது என்ன நெனைக்குதோ," என்றாள் அவள். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைக்கும் சத்தம் கேட்டது. "சரி, சொல்லுங்க. என்ன நிறம்?"

அவர் கருவிப் பெட்டியின்மேல் உட்கார்ந்தார்.