ஜக்கெற்றின் தோளில் இருந்த மிருகம்

போன மார்கழியில் ஒரு காலை, நயினாதீவிலிருந்து படகில் வந்து குறிகட்டுவானில் இறங்கியபோது நடந்தது இது. நானும் கணவரும் யாழ்ப்பாணம் ஆசுபத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தோம்.

கனடாவில் இருக்கும் மச்சாள் பழைய உடுப்புகளைப் பெட்டியில் போட்டு அனுப்பியிருந்தாள். அதில் ஒரு தடித்த ஜக்கெற். தோளில் வட்டமான துணிச் சின்னம். மஞ்சள் நிறம், நடுவில் வாயைப் பிளந்த மிருகத்தின் தலை. புலிச் சின்னம் வைத்திருந்தால் இங்கே உள்ளே போடுவார்கள் என்று தெரியாதவளா நான்? ஆனாலும் புத்தி வேலை செய்யவில்லை. சின்னத்தின் ஓரம் பிரிந்திருக்கிறதே என்று இரட்டை நூலால் இறுக்கித் தைத்துக் கொடுத்தேன். கடற்காற்றுக்கு அவர் அதையே போட்டு வந்தார்.

இறங்குதுறையில் கடற்படைக்காரர் ஒருவர் அவரை மறித்தார். தோளைத் தொட்டு, "இது என்ன?" என்றார்.

கணவர் யுத்தம் முடிந்தபின் இரண்டு வருடம் தடுப்பு முகாமில் இருந்தவர். அவர் வாய் திறக்க முதலே நான்தான் கத்தினேன்.

"கனடாவில இருந்து வந்த பழஞ்சட்டை. அவரைப் பிடிக்கிறதெண்டால் என்னையும் பிடியுங்கோ. தைச்சது நான்தான்."

"நீர் கொஞ்சம் வாயை மூடும்," என்றார் கணவர்.

கடற்படைக்காரர் சின்னத்தைப் போனில் படம் எடுத்தார். மேலிடத்துக்கு அனுப்புகிறான், முடிந்தது கதை என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் போனை என்னிடம் நீட்டினார். தேடிப் பிடித்த பக்கமொன்றில் அதே சின்னம்.

"புலி இல்லை அக்கா. கறுப்புச் சிறுத்தை. வேற நாட்டு ஆமி. பழைய உலக சண்டை," என்றார் உடைந்த தமிழில்.

எதிரியின் டாங்கிகளை உடைப்பதுதான் அந்தப் படையின் வேலையாம். அதனால்தான் சிறுத்தையின் வாயில் ஒரு டாங்கி நொறுங்குகிறது. நான் பல் என்று நினைத்துத் தைத்தது டாங்கியின் சில்லு, அதன் சக்கரம். சண்டை முடிந்ததும் அந்தப் படையையே கலைத்துவிட்டார்களாம். இப்படியான சின்னங்களைச் சேர்ப்பது அந்தக் கடற்படைக்காரருக்குப் பொழுதுபோக்காம்.

"கழட்டுங்க. வேற ஆள் பார்த்தா கரைச்சல்," என்று சின்னக் கத்தியொன்றைத் தந்தார். நூல் இலேசில் விடவில்லை. "அக்கா நல்லா தைச்சிருக்கு," என்றார். கணவர் சிரித்துவிட்டார்.

"நான் இதை எடுக்கவா?" என்று கேட்டார் கடற்படைக்காரர்.

"கொண்டு போம்," என்றேன். நன்றி சொல்லாமலே கத்தியைத் திருப்பிக் கொடுத்தேன்.

ஒரு துணித்துண்டுக்காக யாரோ ஒருவரின் நல்ல மனதை நம்பி நிற்க வேண்டியிருந்ததை நினைத்தால் இன்றும் எரிச்சல்தான்; ஆனாலும் அந்த மனது அன்று அங்கே இருந்தது, என் மனுசன் என்னோடு பஸ் ஏறினார், அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மூச்சு நிதானமாக வருகிறது.