ஒரு பிஸ்கட் பாக்கெட்டுக்கு அரை மணி நேரம்

வரிசையில் நிற்பதென்றால் இன்றைக்கும் எனக்குக் கை கால் பரபரக்கும். எட்டு வயதில் அதற்குக் காரணமும் இருந்தது. மறுநாள் பள்ளி ஆண்டு விழா நாடகத்தில் நான்தான் கரடி. கரடிக்கு வேண்டிய கறுப்புத் தாள் வாங்க, சந்தையில் புளி விற்க வந்த அம்மாவோடு சித்தேரி மலையிலிருந்து பாப்பிரெட்டிப்பட்டிக்கு இறங்கியிருந்தேன். மேலே போகக் கடைசி பஸ் ஐந்து மணிக்கு. அதை விட்டால் கரடி இல்லாமலே நாடகம் நடந்துவிடும்.

மலைக்காரர்கள் கொண்டுவந்ததை விற்று முடித்த பிறகுதான் சாமான் வாங்குவார்கள். அதனால் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த மளிகைக் கடையில் நாலரை மணிக்கு ஒரே கூட்டம். பில் போட ஒரே ஒரு அக்கா. அவளுக்கு வாய் ஓயாது. "சாமை அறுத்தாச்சுங்களா? மேல மழைங்களா?" என்று ஒவ்வொருவரிடமும் ஊர்க்கதை கேட்டுவிட்டுத்தான் சாமானைத் தொடுவாள்.

போதாக்குறைக்கு, மேசைக்குப் பக்கத்தில் ஈரத் துண்டைப் போர்த்திக்கொண்டு ஒருவர் நின்றிருந்தார். கையில் ஒரே ஒரு பிஸ்கட் பாக்கெட். "அண்ணா, இதுக்கு மிஷின்ல வெல வரமாட்டேங்குது, செத்த நில்லுங்க" என்று அவரை நிறுத்திவைத்துவிட்டு, அக்கா அவருடைய மகளின் காலேஜிலிருந்து வீட்டுக் கன்றுக்குட்டி வரை விசாரித்தாள். அவரும் சளைக்காமல் பதில் சொன்னார். இந்த மனிதர் போய்த் தொலைந்தால் பேச்சு குறையும், வரிசை நகரும் என்று எனக்குப் பட்டது.

கடிகாரம் ஐந்தைத் தாண்டியது. எங்களுக்கு முன்னால் இன்னும் நாலு பேர். அம்மாவோ பையைக் கீழே வைத்துவிட்டு அக்காவின் பேச்சைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"அக்கா, அவருக்கு மொதல்ல பில்லு போட்டு அனுப்பிவுடுங்க. எங்க பஸ்ஸு போயிரும். நாளைக்கு நான் கரடிங்க" என்றேன்.

வரிசை முழுக்கச் சிரித்தது.

"அவர அனுப்பிட்டா பஸ்ஸ யாரு சாமி ஓட்டறது?" என்றாள் அக்கா.

டிரைவரை நான் அதுவரை முதுகுப் பக்கமாக மட்டுமே பார்த்திருந்தேன். வெட்கம் தாங்காமல் அம்மாவின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். எங்களுக்கும், எங்களுக்குப் பின்னால் நின்ற கடைசி ஆளுக்கும் பில் போட்டு முடிந்த பிறகுதான் மிஷின் அந்த பிஸ்கட்டுக்கு விலை காட்டியது.

பஸ் ஸ்டாண்டில் நேரம் குறிப்பவர் ஏன் தாமதம் என்று அதட்டினார். "கடையில நிறுத்திப்புட்டாங்க சார், நான் என்ன பண்றது" என்றார் டிரைவர். பஸ் கிளம்பியதும் அந்த பாக்கெட்டைப் பிரிக்காமலே பின்னால் நீட்டி, "இந்தா கரடி" என்றார். மலை ஏறும் வரை தின்றுகொண்டே போனேன். மறுநாள் நாடகத்தில் நன்றாக உறுமவும் செய்தேன்.

அடுத்த சந்தை நாளிலும் அவர் அதே பிஸ்கட்டோடு அதே இடத்தில் நின்றார். அன்றைக்கும் மிஷினில் விலை வரவில்லை. பாவம், இத்தனை வருஷமாக பஸ் ஓட்டுகிறார், வேறு பிஸ்கட் வாங்கலாம் என்று தோன்றவில்லையே என்று மனதார வருத்தப்பட்டேன்.