முகத்தைத் திருப்பிய பிள்ளை

எழுபதுகளின் கடைசியில், மருதமுனையில் ஒரு பாடசாலையில் எனக்கு முதல் நியமனம். நாலாம் வகுப்பு. வயது இருபத்திரண்டு, நினைப்போ பெரிய நினைப்பு. முகத்தைப் பார்த்துக் கேட்கிற பிள்ளைதான் படிக்கிற பிள்ளை என்று யாரோ சொல்லித் தந்ததை அப்படியே நம்பிக்கொண்டு போயிருந்தேன்.

முன்வாங்கில் ஒரு பெண்பிள்ளை. நான் வாய் திறந்தால் போதும், முகத்தை யன்னல் பக்கம் திருப்பிவிடுவாள். இத்தனூண்டு பிள்ளைக்கு இவ்வளவு திமிரா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கேள்விக்குச் சரியாகப் பதில் சொன்னால்கூட, பக்கத்துப் பிள்ளை சொல்லிக் கொடுத்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். இரண்டாம் தவணையில் அவளை யன்னல் இல்லாத மறுபக்கச் சுவரோரம், கடைசி வாங்கில் கொண்டுபோய் வைத்தேன். அதற்குப் பிறகு எதைக் கேட்டாலும் பேந்தப் பேந்த முழித்தாள். பரீட்சையில் எல்லாப் பாடத்திலும் கோட்டை விட்டாள். தேர்ச்சி அறிக்கை வாங்க வந்த அவளுடைய வாப்பாவிடம், "இவளுக்குப் படிப்பு ஏறாது" என்று சொல்லிவிட்டேன். அவர் அறிக்கையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

அடுத்த தவணைக்கு அவள் வரவில்லை. இரண்டு கிழமை பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் தங்கச்சியை இருத்தி வைத்து அவள் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். நெல் முளைக்கிற பாடம். முதலாம் தவணையில் நான் படிப்பித்தது. சொற்கள் எல்லாம் என்னுடையவை. வசனத்துக்கு வசனம் நான் கேட்கிற "விளங்கினதா?" கூட இருந்தது. பக்கத்து வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. அவளுடைய வலப்பக்கம் நின்று மூன்று தரம் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அவள் திரும்பவே இல்லை.

உம்மாதான் ஓடி வந்தார். "கோவிச்சிக்காதீங்க டீச்சர். சின்னதுல சீழ் வடிஞ்சி வலப்பக்கக் காது கேக்காமப் போயித்து. பொம்புளப் புள்ள, வெளிய தெரிஞ்சா நாளைக்கி இவள ஆரு கலியாணம் முடிப்பான்? அதான் சொல்லல்ல."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி, கேட்கிற இடக்காதை எனக்குத் தந்திருக்கிறாள். அந்தக் காதைத்தான் நான் சுவரோடு வைத்தேன். அழுகை வந்துவிட்டது. நாளைக்கே அனுப்புங்கள், என் பக்கத்திலேயே வைத்துக்கொள்கிறேன் என்று கெஞ்சினேன்.

"அவட வாப்பா சம்மதிக்க மாட்டாரு டீச்சர். டீச்சரே ஏறாதெண்டு சொல்லித்தாங்க, இனி என்னத்துக்கு எண்டு கேக்காரு."

வாப்பாவை இரண்டு தரம் போய்ப் பார்த்தேன். மரியாதையாகத் தேத்தண்ணி தந்தார், பிள்ளையைத் தரவில்லை.

பிறகு எத்தனையோ வருடம் படிப்பித்துவிட்டேன். எந்தப் பிள்ளைக்கு எந்தப் பக்கம் கேட்கும், எந்தப் பிள்ளைக்குக் கண் சரியாகத் தெரியாது என்று முதல் கிழமையிலேயே விசாரித்துவிடுவேன். நல்ல டீச்சர் என்று ஊரில் பெயர். எனக்கு அந்தப் புத்தி வர, அவளுடைய படிப்பு போக வேண்டியிருந்ததே என்ற வேதனை மட்டும் இன்றைக்கும் ஆறவில்லை.