பிரேக் அக்காவின் வயிறு

கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளியில் அவளுக்கு 'பிரேக் அக்கா' என்றுதான் பெயர். கற்றுக்கொள்பவர் பக்கத்தில் உட்கார்ந்து, தனக்கென்று இருக்கும் இரண்டாவது பிரேக்கின் மேல் எப்போதும் ஒரு காலை வைத்திருப்பாள். எந்த வண்டியையும் நிறுத்திவிடுவாள். தன் வயிறு மட்டும் அவள் பேச்சைக் கேட்கவில்லை.

சில மாதங்களாகவே வயிறு கடுத்து, பாடத்தின் நடுவே இறங்கி ஓடினாள். அவளிடம் படித்தவர்கள் பெட்ரோல் பங்க் வாசலில் சட்டென்று வண்டியை ஒதுக்குவதில் கெட்டிக்காரர்கள் ஆனது அப்படித்தான். பழியை வெளிச்சாப்பாட்டின் மேல் போட்டாள். மருந்துக்கடையில் தானே ஆன்டிபயாடிக் கேட்டு வாங்கி விழுங்கினாள். கிருமி ஒன்றையும் விட்டுவைப்பதில்லை என்று சபதம் வேறு.

அவள் கழிவறைக்குள் போனால், அச்சகத்தில் வேலை பார்க்கும் கணவர் வெளியே நின்று செய்தித்தாளை உரக்க வாசித்துக் கிண்டல் செய்வார். விளையாட்டுப் பக்கம் வந்தும் கதவு திறக்காத அன்று அவருக்கே சிரிப்பு வரவில்லை. ரத்தம் போகிறது என்று அப்போதுதான் சொன்னாள்.

மறுநாள் ஒரு பாடத்தை முடித்துவிட்டுத்தான் டாக்டரிடம் வருவேன் என்று அடம்பிடித்துக் கிளம்பினாள். அன்று ஓட்டியது, தேர்வில் மூன்று முறை தோற்ற ஒரு தையற்காரப் பெண். இரண்டாவது கியரைத் தாண்டியே அறியாதவள். பாதி வழியில் அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள்.

"ஆஸ்பத்திரிக்கு விடும்மா."

"எனக்கு மூணாவது கியர் வராதேக்கா."

"வரும். நான் பிரேக்கைத் தொட மாட்டேன்."

வந்தது. நாலாவதும் வந்தது.

குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்த்த டாக்டர், பெருங்குடலில் அழற்சி, உள்ளே புண் புண்ணாக இருக்கிறது என்றார். "குடல்ல கோடிக்கணக்கா பாக்டீரியா குடியிருக்கும்மா. பெரும்பாலும் நமக்கு வேண்டியதுதான். உங்க எதிர்ப்புசக்தி அதைப் போய் எதிரின்னு நினைச்சு அடிக்குது. அந்த அடி குடல் மேலயும் விழுது."

"அவளும் அப்படித்தான் டாக்டர். வேண்டியவங்களைத்தான் முதல்ல அடிப்பா" என்றார் சேதி கேட்டு ஓடி வந்திருந்த கணவர். அந்த நிலையிலும் அக்கா அவரை ஒரு முறை முறைத்தாள்.

ஏன் வந்தது என்று கேட்டாள். பரம்பரை, பாக்டீரியாக்களின் சமநிலை கெடுவது, எதிர்ப்புசக்தி தடுமாறுவது எல்லாம் சேர்ந்து வரலாம். இதனால்தான் என்று ஒன்றைக் கைகாட்ட முடியாது என்றார் டாக்டர். ஆன்டிபயாடிக் வேண்டிய பாக்டீரியாவையும் சேர்த்தே கொல்லும் என்பதால், இனி தானாக வாங்கக் கூடாது என்று கண்டித்தார்.

அழற்சியை அடக்கும் மாத்திரையில் வயிறு சமாதானமானது. உடனே அக்காவுக்குத் தைரியம் வந்து, யாரையும் கேட்காமல் மாத்திரையை நிறுத்தினாள். வயிறும் பழையபடி கிளம்பியது. மறுபடி டாக்டரிடம் போய்த் திட்டு வாங்கிய பிறகுதான் ஒழுங்கானாள். நோய் அடங்கியிருக்கிறதே தவிரப் போய்விடவில்லை என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறாள்.

தையற்காரப் பெண் நாலாம் முறை தேறிவிட்டாள். அக்கா மலைப்பாதைப் பாடத்தையும் எடுக்கத் தொடங்கினாள். வழியில் கழிவறையே கிடையாது. முதல் நாள், துணைக்கென்று கணவரும் பின்சீட்டில் ஏறிக்கொண்டார். மூன்றாவது வளைவில் வண்டியை நிறுத்தச் சொன்னவர் அவர்தான். அவருக்கு வாந்தி.