சேவலின் பசி

கோலசிலாங்கூரில் கோழி, புறா கண்காட்சி என்றதும் எங்கள் சேவலைக் கொண்டுபோக நானும் கணவரும் ஒரு வாரமாகத் திட்டம் போட்டோம். மலாயாவில் அவசரகாலம்; காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று ரப்பர் தோட்டத்துக் கேட்டைத் தாண்டி ஒரு பிடி அரிசிகூட விடமாட்டார்கள்; மீறினால் சிறை. எங்கள் சோற்றை லயத்து வீட்டிலேயே வைத்துவிட்ட நான், சேவலின் தீனியை டின்னில் எடுத்துக்கொண்டேன். அதுவும் அரிசிதானே என்று தோன்றவேயில்லை!

கேட்டில் மலாய்க் காவலர் டின்னைத் திறந்தார். கணவருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"சேவலுக்குத்தான் லா! வேற யாருக்கும் இல்லைங்க!" என்று அழுதேன்.

"அப்படியானால் இங்கேயே தின்னட்டும்," என்றார் காவலர், மலாய் மொழியில்.

கிளம்பும் அவசரத்தில் பட்டினி போட்டிருந்த சேவல், ஒரு மணி அரிசிகூட விடாமல் கொத்தித் தின்றது. அவர் சிரித்தபடி வழிவிட்டார். அந்தப் புண்ணியவான் நன்றாக இருக்கட்டும்.

இப்போதெல்லாம் கிளம்பும்முன் கூண்டில் அரிசி ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று உதறிப் பார்க்கிறேன். எங்கள் காலைப் பசியாறலுக்கு முன்பே சேவலுக்குத் தீனி. அன்று எங்களைச் சிறைக்கு அனுப்பாமல் காத்தது அதன் வயிறுதானே!