சங்கு ஊதினால் ஆஸ்பத்திரிக்கு ஓடுபவர்

நேரங்கெட்ட நேரத்தில் சுரங்கச் சங்கு ஊதினால் மாரிகுப்பமே சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட் வாசலுக்கு ஓடும். காத்தவராயன் மட்டும் எதிர்ப்பக்கம், சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓடுவார். அடிபட்டு வருகிறவனுக்கு ரத்தம் கொடுக்க. பின்னாலேயே அவர் மனைவி சம்பங்கி, காபித் தூக்குடன்.

அவரும் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் சுரங்கத்துக்குள் இறங்கியவர்தான். ஒருநாள் பாறை சரிந்து இடுப்புக்குக் கீழே நசுங்கியது. டாக்டர் எதை அறுத்தெடுத்தார் என்பது சம்பங்கிக்கு மட்டும் தெரியும். மீசை மெலிந்து, உடல் தளர்ந்து, சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டவரை ஓர் ஊசி எழுப்பியது. ஆண் உடம்பு தானே சுரப்பதை மருந்தாக ஏற்றும் ஊசி. மீசை அடர்ந்தது. கூடவே ரத்தமும் கெட்டிப்பட்டது.

"அப்பப்ப ரத்தத்த எடுத்துடணும். இல்லேன்னா அடைச்சு விழுந்துடுவ" என்றார் டாக்டர்.

"சாக்கடையில ஊத்தறத யாருக்காவது குடுக்கக் கூடாதா சார்?"

அன்று ஆரம்பித்த ஓட்டம் அது.

அக்கம்பக்கத்து லைன் வீட்டுக்காரர்களுக்கு ஊசி தெரியாது, கொடை தெரியும். ரத்தம் ஊறட்டும் என்று ஆட்டு ஈரலாக வறுத்து அனுப்புவார்கள். டாக்டரோ, ரத்தம் இன்னும் கெட்டிப்படும், ஈரலைத் தொடாதே என்றிருந்தார். கதவைச் சாத்திக்கொண்டு சம்பங்கியே தின்று தீர்ப்பாள்.

"உன்னாலதான்யா நான் இப்டி ஊதிக்கினு போறேன்."

"நல்லாத்தான் கீற."

போன வாரம் சங்கு ஊதியது. ஆஸ்பத்திரி வாசலில் பக்கத்து வீட்டுத் தம்மபாலன் கை நீட்டி மறித்தான். சுருட்டிய சட்டைக் கையை அவனே இறக்கிவிட்டான்.

"வேணாண்ணா. உன்ன உறிஞ்சினது போதும். நாங்கல்லாம் இன்னாத்துக்குக் கீறோம்?"

இளவட்டங்கள் வரிசையாக நின்றார்கள். சம்பங்கி கணவனைப் பார்த்தாள். முகம் செங்கல்லாகச் சிவந்திருந்தது. நெற்றிப் பொட்டில் நரம்பு துடித்தது. காலையில்தான் காபி டம்ளர் அவர் கையிலிருந்து நழுவியிருந்தது. இன்று ரத்தம் எடுக்காவிட்டால் விழுந்துவிடுவார். காரணத்தைச் சொன்னாலோ, இத்தனை வருஷமாக மீசைக்குள் மறைத்தது மாரிகுப்பம் முழுக்கப் பரவும். சொல்லவே மாட்டேன் என்று அவர் தலைமேல் சத்தியம் செய்தவள், உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

காத்தவராயனே பேசினார்.

"அந்த அடியில என் ஆம்பளத்தனம் பூட்ச்சி தம்மபாலா. ஊசிலதான் நடமாடறேன். அந்த ஊசி ரத்தத்தக் கெட்டியாக்குது. எடுக்கலன்னா செத்துடுவேன். நான் குடுக்கறவன் இல்லடா. இத வாங்கிக்கிறவங்கதான் என்னக் காப்பாத்தறாங்க."

ஒருவரும் சிரிக்கவில்லை. தம்மபாலன் நெருங்கி வந்தான். தான் இறக்கிவிட்ட அந்தச் சட்டைக் கையை மடிப்பு மடிப்பாக மேலே சுருட்டிவிட்டான்.